இடது பக்கக் கார்ப்பெட்டுக்கு அடியில்

பெரியவளே, சின்னவனே,

இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் தனித்தனியாகப் படியுங்கள். ஒருத்தர் படித்துவிட்டு இன்னொருத்தருக்குக் கதையாகச் சொல்ல வேண்டாம். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் சின்னவன் சிரித்துக்கொள்ளட்டும்.

நம் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறதே, அந்த ஜப்பான் கார், அது ஏன் ஓடாமல் நிற்கிறது என்று ஒன்பது வருடமாக உங்களுக்கு நான் சொல்லி வந்தது பொய். உங்கள் மாமா அதிலிருந்து எதையும் திருடவில்லை. வண்டியைக் கெடுத்தது நான்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய சவுக்குத் தோப்புக்குள் ஒரு பெரிய வீடு உண்டு. கல்யாண வீட்டு ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போன ஒரு நாள், வண்டி நிறுத்த நிழல் தேடி அந்தப் பக்கம் போனேன். ஓலைக் கொட்டகையில் அது நின்றது. இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. முன்னால் விளக்கே இல்லை. வீட்டுக்காரப் பெரியவர் உள்ளே கையை விட்டு ஒரு பட்டனை அழுத்தினார். மூடிக்குள்ளிருந்து ஒரு விளக்கு மட்டும் மெல்ல எழுந்து நின்று என்னைப் பார்த்தது. மற்றது எழவில்லை.

அவர் வெளிநாட்டில் வேலை பார்த்து, ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த வண்டி. முட்டிவலி வந்த பிறகு எடுப்பதில்லை என்றார். "இதுல ஏர்றது ஈசிப்பா. எறங்கத்தான் ரெண்டு ஆள் வேணும்" என்று சிரித்தார்.

எனக்கு எதற்கு அந்த வண்டி என்று உங்கள் அம்மா அன்றைக்கே கேட்டாள். பதிலை இப்போது சொல்கிறேன். பதினேழு பேரை முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இருபது வருடமாக ஓட்டினேன். ஏசியைக் கூட்டு, பாட்டை மாற்று, இங்கே நிறுத்து, அங்கே நிறுத்து, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய். அந்த இரண்டு கதவு வண்டியில் எனக்குப் பின்னால் யாரும் உட்கார முடியாது என்று நினைத்தேன். அதற்காகத்தான் ஆசைப்பட்டேன். குடும்பத்துக்காக வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததும் பொய்தான்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஊரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி அவன் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த காலம். வேன்காரர்கள் எல்லோரும் அவனிடம்தான் போவோம். சென்னையிலிருந்து பணக்காரப் பையன்கள் அவனைத் தேடிவந்து பழைய வெளிநாட்டு வண்டிகளை விடவும் ஆரம்பித்திருந்தார்கள். கொட்டகை மணலில் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனான். ஒரு இடத்தில் முனையை வைத்து அழுத்தினான். அது தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"மாமா, உப்புக் காத்து தின்ன வண்டி இது" என்றான், படுத்தபடியே. "மேல பளபளன்னு கீது, கீழ அப்பளம். வேணாம், வுட்டுடு."

"எனக்கு வேணும் மச்சான்."

"இன்னாத்துக்கு?"

"வேணும்."

அவன் வெளியே வந்து, தலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். "சரி. ஒண்ணே ஒண்ணு. நான் கை வெச்சா, நான் சொல்றத நீ கேக்கணும். உன் வேன் டிரைவர் வேலையெல்லாம் இதுல காட்டக் கூடாது."

கேட்கிறேன் என்றேன்.

எட்டு மாதம் அந்த வண்டி அவன் ஷெட்டில் கிடந்தது. அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் ஒண்டியாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நம் வண்டிக்கு அடியில்தான். துருப்பிடித்த தரையை அறுத்தெடுத்துவிட்டு, புதுத் தகடு வெட்டி வைத்துப் பற்ற வைத்தான். கதவு ரப்பர் கிடைக்காமல் பஸ் கதவு ரப்பரை அளந்து அறுத்துப் போட்டான். எழாத விளக்கை எழ வைத்தான். என்ஜின் பெல்ட்டு வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆனது. அதுவரை தினமும் நான் போன் பண்ணுவேன். "பெல்ட்டு நீந்திகினு வருது மாமா, வந்துடும்" என்பான்.

முதன்முதலில் என்ஜின் பிடித்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் ஷெட்டில் கைதட்டிக் குதித்தீர்கள். அம்மா சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து வண்டிக்குப் பொட்டு வைத்தாள். ஸ்டீயரிங், கியர், நாலு சக்கரம், எல்லாவற்றுக்கும். அப்போது மாமா இடது பக்கக் கதவைத் திறந்து, கால் வைக்கிற இடத்துக் கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினான். அடியில் தகரத்தில் ஒரு பெட்டி, சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். கத்தையாக வயர்கள் வந்து அதில் சேர்ந்தன.

"மாமா, நல்லா பாத்துக்க. இதான் மூள. எவ்ளோ பெட்ரோல் வுடணும், எப்ப நெருப்பு குடுக்கணும், எல்லாம் இது சொல்லித்தான் நடக்கும். போயும் போயும் கால் வெக்கிற எடத்துல வெச்சிக்கிறான் பாரு. இதுல தண்ணி பட்டுது, வண்டி பொணம். உன் வேனு மாதிரி உள்ள பைப்ப வுட்டு அடிச்சிராத."

"அப்போ மூளைக்கும் ஒரு பொட்டு வெக்கிறேன்டா தம்பி" என்று அம்மா குனிந்து அந்தப் பெட்டி மூடியின் நடுவில், ஒரு ஸ்க்ரூ தலைமேல், பெரிதாகச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள். எல்லோரும் சிரித்தோம். அவள் கையை எடுக்கும் வரைக்கும் மாமா கார்ப்பெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த வண்டி நம்மிடம் ஓடியது மூன்றரை மாதம்தான். வேகமாக ஓட்டியதாக நினைத்துக்கொள்கிறேன். உண்மையில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போவதற்குள் எத்தனை வேகத்தடை! ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசும். தடை வந்தால் நீங்கள் மூன்று பேரும் இறங்கி நடப்பீர்கள். நான் கோணலாக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்குவேன். டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து வந்து பார்ப்பார்கள். "அண்ணாத்த, தூக்கி வுடட்டா?" என்று ஒருத்தன் கேட்டான். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் பார்த்து யார் சிரித்தாலும் எனக்குத் தாங்காது. அந்தக் குணத்தை இங்கே எழுதி வைப்பது, அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் என்பதால்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். பெரியவள் பின்னால் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவன் முன்னால் அம்மா மடியில். ஈர மணலோடு ஏறினீர்கள். இளநீர், மிளகாய்த்தூள் தடவிய மாங்காய், மீன் வறுவல், எல்லாம் தின்ற சின்னவன் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது வாந்தி எடுத்தான். அவ்வளவும் அம்மாவின் காலடியில், அந்த இடது பக்கம். சின்னவனே, இதில் உன் தப்பு எதுவும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை வாந்தி எடுக்கத்தான் செய்யும்.

மறுநாள் காலை அம்மாவும் நீங்களும் பொரி, பூ, பூசணிக்காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தீர்கள். நான் பூஜைக்காக வண்டிகளைக் கழுவினேன். வேனைக் கழுவுவது எங்களுக்கு எப்படிப் பழக்கம் என்றால், கதவுகளைத் திறந்து போட்டு, மோட்டாரைப் போட்டு, பைப்பை உள்ளேயே விட்டு அடிப்போம். வேன் தரை ரப்பர் விரிப்பு. தண்ணீர் படி வழியாக ஓடிவிடும், வெயிலில் காய்ந்துவிடும். வேனை முடித்தேன். பைப் கையில் இருந்தது. காரின் இடது கதவைத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. கார்ப்பெட்டைச் சுருட்டி மேலே தூக்கினேன்.

மாமா சொன்னது ஞாபகம் வரவில்லை என்று எழுதலாம். எழுதினால் நம்புவீர்கள். ஆனால் வந்தது. கொஞ்சம்தானே, ஓரமாகத்தானே, என்று நினைத்தேன். அவன் என்ன எனக்குச் சொல்வது, அவன் பிறக்கும்போதே நான் லாரி கிளீனர், என்றும் நினைத்தேன். பைப்பை விட்டேன். தண்ணீர் நேராகப் பெட்டிமேல் விழுந்தது. அம்மா வைத்த பொட்டு கரைந்து சிவப்பாக ஒரு கோடு போல ஓடியதைப் பார்த்தேன். நிறுத்திவிட்டுத் துணியால் துடைத்தேன். சாயங்காலம் வரை கதவைத் திறந்து வெயிலில் வைத்தேன். மேலே எல்லாம் காய்ந்தது. கார்ப்பெட்டைப் பழையபடி போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

பூஜையன்று காலை சாவியைத் திருப்பினேன். பிடித்தது. தெருமுனைவரை போய், இருமுகிற மாதிரி இரண்டு உதறல் உதறி நின்றுவிட்டது. வருடா வருடம் மாமா ஷெட்டில்தான் எல்லா வண்டிக்கும் பூஜை. போகாமல் இருக்க முடியாது. பக்கத்துத் தெரு வேன்கார நண்பன் ஒருத்தன் நம் வேனை ஓட்ட, கயிறு கட்டி, ஜிஎஸ்டி ரோட்டில் ஊரப்பாக்கம் வரை அந்த ஸ்போர்ட்ஸ் காரை இழுத்துக்கொண்டு போனோம். போகிற வருகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

ஷெட்டில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். வேன்காரர்கள், லாரிக்காரர்கள், தன் காரை விட்டிருந்த சென்னைப் பையன் ஒருத்தன். அவனுடையதும் நம்முடையது மாதிரியே வண்டி. அதே பெட்டி பழுதாகி, வேறு பெட்டி கிடைக்காமல் ஷெட் மூலையில் நின்றது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். கார்ப்பெட்டைத் தூக்கினான். அடியில் கையை விட்டுத் தடவினான். கொஞ்ச நேரம் கை அங்கேயே இருந்தது. பிறகு பெட்டியைக் கழற்றித் திறந்தான். உள்ளே பச்சையும் கறுப்புமாக இருந்தது.

"மாமா, தண்ணி எதுனா வுட்டியா?" என்றான். சிரித்த முகமாகத்தான் கேட்டான்.

கயிறு கட்டி இழுத்து வந்த நண்பன் முந்திக்கொண்டான். "வேற இன்னா? அண்ணாத்த பைப்ப வுட்டு அடிச்சிருப்பாரு! ஜப்பான்காரன் தலையில தண்ணி தெளிச்சி பொங்கல் வெச்சிருப்பாரு!"

ஷெட்டே சிரித்தது. அந்தச் சென்னைப் பையனும் சிரித்தான்.

"எவன் தண்ணி வுட்டது?" என்று கத்தினேன். "இது எங்க பொட்டியே இல்ல. எங்க வூட்டம்மா இதுல பொட்டு வெச்சா. அது எங்க? போன மாசம் ஆயில் மாத்த உங்கிட்ட வுட்டப்ப நீ மாத்திட்ட. நம்முதக் கழட்டி எவனுக்குக் குடுக்க வெச்சிகினு கீற?"

மூலையில் நின்ற வண்டியை நான் கையால் காட்டவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். எல்லோரும் திரும்பி அதைப் பார்த்தார்கள்.

சிரிப்பு நின்றது. அம்மா முன்னால் வந்து பெட்டியை வாங்கி, இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள். "டேய், நான் என் கையால வெச்சேனேடா. எங்கடா அது?" என்றாள். அவள் குரல் அப்படி ஆகி நான் கேட்டதில்லை.

மாமா அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "நான் மாத்தல அக்கா" என்றான். பெட்டியை மூடி, ஸ்க்ரூவை முறுக்கி, என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் பூசணிக்காயை எடுத்தான். பூஜையை அவன்தான் முடித்தான்.

சென்னைப் பையன் அதே வாரத்தில் தன் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனைப் போன்றவர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்வார்கள் போல. ஒவ்வொன்றாக வெளிநாட்டு வண்டிகள் போயின. பிறகு வேன்காரர்களும். "அக்கா புருசனுக்கே பொட்டிய மாத்தினவன்" என்று ஒருத்தன் என்னிடமே சொன்னான், நான் யார் என்று தெரிந்துதான். நான் டீயைக் குடித்து முடித்தேன். வருடம் திரும்புவதற்குள் ஷெட்டை மூடினான்.

பெரியவளே, அடுத்த வருடம் உனக்கு மஞ்சள் நீராட்டு வைத்தோம். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், மாலை போட வேண்டும். அவனைக் கூப்பிடாதே என்று சொன்னது நான். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தரைப் பிடித்து நிறுத்தினோம். முகமே தெரியாத ஆள் உனக்கு மாலை போட்டார். மணையில் உட்கார்ந்துகொண்டு "மாமா எங்கப்பா?" என்று கேட்டாய். "திருட்டுப் பய கையால உனக்கு எதுவும் வேணாம்" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். வெட்கத்தில் குனிந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

சின்னவனே, ரயிலில் ஊரப்பாக்கம் தாண்டும்போதெல்லாம் "அதோ திருட்டு ஷெட்டு" என்று சொல்வாய். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் பெரியவள் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுத உட்கார்ந்தோம். அம்மா சொல்லச் சொல்ல சின்னவன் எழுதினான். தாய்மாமன் என்று போட்டுவிட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான். "அந்த எடத்த காலியா வுட்டுடுடா" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பால் பொங்கவில்லை, அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன்.

முந்தாநாள் படூர் போனேன். அங்கே ஒரு கல்லூரியின் பஸ் ஷெட்டில் அவன் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். பஸ்ஸுக்கு அடியிலிருந்து வந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. "வா மாமா" என்றான், நேற்றுப் பார்த்த மாதிரி. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பழந்துணியால் விரல் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"தெரியும் மாமா."

"எப்போ தெரியும்?"

"கார்ப்பெட்ட தூக்கனப்பவே. அடிப்பஞ்சு ஈரம். மணலு சேறா ஒட்டிகினு கீது. மேலதான் பொட்டு போச்சி, ஸ்க்ரூ பள்ளத்துல குங்குமம் அப்டியே இருந்துச்சி."

"அப்போ ஏன்டா சொல்லல?"

"யாருகிட்ட? அக்கா உனுக்காக எங்கிட்ட சண்டைக்கு வந்துகினு கீது. அத்தினி பேரு முன்னாடி, உன் புருசன் புளுகுறான் பாருன்னு பள்ளத்தக் காட்டணுமா? ரெண்டு நாள்ல நீயே வந்து சொல்லுவன்னு இருந்தேன். ஷெட்ட மூடற வரிக்கும் இருந்தேன் மாமா."

"மன்னிச்சிடு மச்சான்."

"எங்கிட்ட இன்னாத்துக்கு? எனுக்குத்தான் முன்னியே தெரியுமே. தெரியாதவங்க கிட்ட போய்ச் சொல்லு."

கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று கேட்டேன். "மண்டபத்துக்கு வரேன். என் அக்கா பொண்ணுக்கு நான்தான் மாலை எடுத்துக் குடுப்பேன். உன் வூட்டு வாசப்படி மட்டும் ஏறமாட்டேன். அதக் கேக்காத" என்றான்.

நான் கிளம்பும்போது பின்னாலிருந்து கேட்டான். "வண்டி இன்னும் கீதா?"

"கீது."

"தரை?"

"நீ போட்ட தகடு அப்படியே இருக்கு. துரு ஏறல."

"அது நல்லா போட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டான்.

அவன் சொன்ன தெரியாதவர்கள் நீங்கள் இரண்டு பேர், உங்கள் அம்மா, அன்றைக்கு ஷெட்டில் நின்ற அத்தனை பேர். அந்த இருபது முப்பது பேர் எங்கெங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று பேருக்கு இந்தக் காகிதம். அம்மாவுக்கு நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம், நானே கொடுத்துவிடுகிறேன். பத்திரிகையில் காலியாக விட்ட இடத்தில் அவன் பெயரை எழுதுங்கள். எனக்காக இல்லை.

படூரிலிருந்து வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. புடவை எடுக்கப் போயிருந்தீர்கள். பரண்மேல் துணிப்பையில் கட்டி வைத்திருந்த பெட்டியை இறக்கினேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஸ்க்ரூ பள்ளத்தில் குங்குமம் இருந்தது, கறுத்துப் போய். ஒன்பது வருடம் என் வீட்டுப் பரணில்தான் இருந்திருக்கிறது.

பின்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கி, இடது கதவைத் திறந்தேன். கார்ப்பெட்டைத் தூக்கினேன். மாமல்லபுரத்து மணல் இன்னும் ஓரங்களில் கிடந்தது. பெயிண்ட் பிரஷ் ஒன்றை எடுத்துவந்து, தண்ணீர் தொடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அள்ளினேன். பிறகு பெட்டியை அதன் இடத்தில் வைத்து முறுக்கி, வயர்களை மாட்டினேன். சாவியைத் திருப்பவில்லை. கார்ப்பெட்டை மறுபடியும் போடவில்லை. கதவையும் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே வந்தேன்.